பத்தொன்பது வருடச் சூட்டில் ஆட்டுக்கால்

அந்த நகரத்தில் மலிவான பார்களில் அடுப்பு கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை ஒரு மேசையில் எதிரெதிரே உட்காரவைத்து நடுவில் சட்டியை வைத்துவிடுவார்கள். சட்டி கொதிக்கும். கேஸ் அடுப்பு வைத்திருக்கும் பார்களும் இருக்கின்றன. அங்கே விலை அதிகம், ருசி குறைவு.

நான் அங்கே போனது கண்ணாடி வாங்க. எங்கள் சங்ககிரிக்குப் பக்கத்தில் சேலத்தில் ஒரு கடையில் இரண்டு முறை அளவு தப்பாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை அவர்களிடம் போவதாக இல்லை. அந்தக் கடை இருக்கும் தெருவிலேயே இப்போது நான் நடப்பதில்லை. முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டிய கண் இது. இதற்கு ஒழுங்காகக் கண்ணாடி அறுக்க இத்தனை பெரிய நகரத்தில் ஒருவராவது இருப்பார் என்று ரயில் ஏறினேன். ஒருவர் இருந்தார். வியாழக்கிழமை அளவு எடுத்தார். ஞாயிறு காலை வரச் சொன்னார். ஞாயிறு நாலு மணிக்கு எனக்கு ரயில்.

நான் மதியம் ஒரு குவார்ட்டரில் பாதி குடிப்பேன். மீதியை மறுநாளுக்கு வைப்பேன். குடி எனக்குப் பெரிதில்லை, கூடச் சாப்பிடுவதுதான் பெரிது. வண்டி ஓட்டிய காலத்தில் நாசிக் வரைக்கும் எந்த ஊரில் எந்தக் கடையில் ஈரல் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த நகரத்துக்குள் மட்டும் வண்டி கொண்டுவந்ததில்லை.

லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டேன். அவர் சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் புதுசா சார்? கேஸ் போடுற கடைக்குப் போவாதீங்க, கட்டுப்படியாவாது. எவனாவது ரெண்டு பேரு மூஞ்சியத் திருப்பிக்கினு ஒக்காந்திருந்தா அங்க பூந்துடுங்க."

"என்ன சண்டையா இருந்தா நல்லதுங்க?"

"இன்னா துன்னப் போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல. புருசன் பொண்டாட்டி மேசைன்னா ஆம்லெட்டு. குப்புனு ஏறும், பொசுக்குனு எறங்கிடும். அதுக்கு மேல தாங்காது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கறிக்கு நல்லாருக்கும். கட்சிக்காரங்க மேசைக்கு மட்டும் போயிடாதீங்க, வெறும் பொகை."

"வீட்டுக்காரர், குடித்தனக்காரர்?"

"அது வடைக்கு" என்றார் மேனேஜர்.

முதல் நாள் அவர் சொன்னதைக் கேட்காமல் ஒரு கேஸ் கடைக்குத்தான் போனேன். பக்கத்தில் இருந்தது, கால் வலித்தது. சில்லி சிக்கன் என்று ஒரு தட்டு வந்தது. அதில் வெங்காயத் தழையை ஒதுக்கிவிட்டு எண்ணினால் ஐந்து துண்டு. லாட்ஜில் ஒரு நாள் வாடகையும் அதன் விலையும் ஒன்று. வெளியே வந்ததும் அந்தக் கடையின் பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்து மனதில் வைத்துக்கொண்டேன். மறக்கக்கூடாது.

அன்று சாயங்காலமே இன்னொரு இடம். அங்கே கல்லூரிப் பையன்கள் மாதிரி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுடைய பைக்கை இன்னொருவன் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்ச் சுவரில் மோதிவிட்டானாம். இரண்டு நாள் சண்டை. சட்டி செக்கச்செவேல் என்று இருந்தது. வறுத்த கோழி கேட்டேன். வெளியே கரி, உள்ளே ரத்தம். புதுச் சண்டையில் கறி வேகாது என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பரிமாறியவர், "இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வாங்க சார், பதமா இருக்கும்" என்றார். நியாயமான ஆள்.

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் எழுதிக் கொடுத்த முகவரிக்குப் போனேன். அண்ணன் தம்பி மேசை, பதினோரு வருடம், கிணற்றுப் பங்கு. கதவில் சிலேட்டு தொங்கியது. என் உடைந்த பழைய கண்ணாடியின் ஒரு பக்கத்தால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அண்ணன் மகள் கல்யாணத்தில் சமாதானம் ஆகிவிட்டபடியால் இன்று முதல் சமையல் இல்லை. வாடிக்கையாளர்கள் மன்னிக்கவும்." எனக்கு முன்னால் வந்து நின்ற நான்கு பேர் வாயில் 'ச்சு' கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர், "குடும்பத்த நம்பிக் கடை நடத்தக்கூடாது" என்றார்.

அந்த நால்வரின் பின்னாலேயே நடந்தேன். பசித்தவன் பின்னால் போனால் சாப்பாடு வரும் என்பது லாரியில் கற்றது. அவர்கள் மீன் மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனார்கள். முன்னால் மதுக்கடை, பின்னால் தகரக் கூரை போட்ட பார். எட்டு மேசை. எல்லா மேசையிலும் ஆட்கள். ஏழு மேசைகளில் பேசிக்கொண்டே குடித்தார்கள், ஆறிப்போன சுண்டலைத் தின்றார்கள். ஓரத்தில் எட்டாவது மேசையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர், அதில் ஆறு முட்டை. தண்ணீரிலிருந்து லேசாக ஆவி வந்தது. அவருக்கு எதிரே நாற்காலி காலி.

என்னோடு வந்த நால்வரும் நின்றுகொண்டே குடிக்க ஆரம்பித்தார்கள். அந்த நாற்காலியில் ஏன் ஒருவரும் உட்காரவில்லை என்று நான் யோசிக்கவில்லை. கால் வலி. போய் உட்கார்ந்தேன். பையைக் கீழே வைத்தேன். பாட்டிலை எடுத்தேன்.

தண்ணீர் கொதித்தது. முதலில் ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குதித்தன. ஒரு முட்டை வெடித்து வெள்ளை நுரையாக வழிந்தது. எதிரே இருந்தவர் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தார். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து, வழிந்ததைத் துடைத்து, துண்டை நாலாக மடித்து மறுபடியும் இடது தோளில் போட்டார். அப்படி நாலாக மடித்து இடது தோளில் போடுகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அர்த்தநாரி. நான் ஆளைக் கண்டுகொள்ளும் முன்பே தண்ணீர் கண்டுகொண்டிருந்தது.

சமையலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கரண்டியோடு வந்து நின்றார். பிலோமினா என்று பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், புடவை மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியா" என்றார். "எட்டு மாசமா இந்தச் சேர் காலியா கெடக்குது. இன்னாத்துக்கு இவ்ளோ லேட்டு?"

"கண்ணாடிக்கு இப்பத்தானுங்க வந்தேன்" என்றேன்.

"எத்தினி வருசம்?"

"பத்தொம்பது வருசமுங்க அம்மிணி."

அவர் விரலைத் தண்ணீரில் நனைத்துச் சட்டியின் விளிம்பில் தெறித்தார். சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டார்.

"கெட்டிச் சூடு. ஏறி எறங்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மற்றதெல்லாம் பிறகு பிலோமினா சொல்லித்தான் தெரிந்தது. அர்த்தநாரி மகள் வீட்டோடு இந்த நகரத்துக்கு வந்து எட்டு மாதம். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை, மூன்று மணிக்கு டூட்டி. மதியம் இங்கே வந்து உட்காருவான். ஒருவன் மட்டும் கோபத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிச் சூடுதான். முட்டை அவிக்கலாம், பழைய குழம்பைச் சுடவைக்கலாம். எதிரே வேறு ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தார்களாம். ஒரு தையல்காரர், ஓய்வு பெற்ற ஒரு கிளார்க்கு, பிலோமினாவின் மைத்துனர். ஒன்றும் பற்றவில்லை. மைத்துனரை வைத்தபோது முட்டை திரும்பப் பச்சையாகிவிட்டது.

எனக்கும் அவனுக்கும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் ஒரே லாரியில் நாங்கள் இரண்டு டிரைவர்கள். அவன் என்னை மாமா என்பான், உறவு ஒன்றும் கிடையாது. ஈரோட்டிலிருந்து மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு நாசிக் போகிற நடை. சித்ரதுர்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு விடியற்காலை அவன் ஓட்டினான், நான் பின்னால் படுத்திருந்தேன். அவன் டயரைத் தட்டிப் பார்க்க நிறுத்தினான். நான் இறங்கி ஒதுங்கப் போனேன். திரும்பி வந்தால் வண்டி இல்லை. பனியன், லுங்கி, காலில் செருப்பு இல்லை. ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். நாற்பது கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்தான். கதவைத் திறந்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமல் போய்விட்டேன் என்றால் நான் ஏறியிருப்பேன், ஒரு அடி அடித்திருப்பேன், முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. நானும் ஏறிக்கொண்டேன். நாசிக் போய், சரக்கு இறக்கி, வெங்காயம் ஏற்றி, சங்ககிரி வந்து சேரும் வரை ஒரு பேச்சு இல்லை. அடுத்த நடைக்கு நான் வேறு வண்டி மாறிக்கொண்டேன். என் மனைவி இறந்தபோது மாலையோடு வந்தான். மாலையை வாங்கினேன், முகத்தைப் பார்க்கவில்லை.

தெரிந்து விட்டுவிட்டுப் போனானா, தெரியாமல் போனானா? பத்தொன்பது வருடமாக எனக்கு வேறு கேள்வி கிடையாது. தூக்கத்தில்கூட அதைத்தான் கேட்கிறேன் என்று என் மகன் சொல்கிறான்.

பிலோமினா ஆட்டுக்கால் கொண்டுவந்தார். தீயில் வாட்டிச் சுரண்டிய கால், எட்டு. இரும்புச் சட்டியில் போட்டுச் சின்ன வெங்காயம், மிளகு, இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினார்.

"இது அஞ்சு மணி நேரம் வேவுற சாமான். உங்குளுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாப்போம். ஒரே கண்டிசன்தான், ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாது. பேசினா அணைஞ்சுடும்."

ஐம்பது நிமிடத்தில் வெந்தது. எலும்பைத் தட்டில் தட்டினால் உள்ளே இருந்தது தானாக வந்து விழுந்தது. சாறு விரலில் ஒட்டியது. முப்பத்தோரு வருடத்தில் எந்த ரோட்டிலும் நான் அப்படி ஒரு பாயா சாப்பிட்டதில்லை. மற்ற ஏழு மேசைக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டின் விலைக்கு அந்தச் சந்திலேயே ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான் கிடைக்கும். மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சும்மா.

"அம்மா" என்றான் அர்த்தநாரி, பிலோமினாவைப் பார்த்து. "எதுத்தாப்ல இருக்கறவருக்குச் சதையா பாத்து வைங்க. எலும்பு உறிஞ்ச வராது. பல்லு அப்பவே ஆட்டம்."

"அம்மிணி" என்றேன் நான். "நான் எலும்பு உறிஞ்சிக்கிட்டிருந்தப்ப சில பேரு லாரிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுக் கெடந்தாங்க. அதச் சொல்லுங்க."

"வண்டிக்குத் தண்ணி ஊத்தறது ஒண்ணும் கேவலமில்லீங்கம்மா. தண்ணி ஊத்தாம இஞ்சினைக் கருக்கினவங்களும் உண்டு. ஓசூருப் பக்கம்."

"நான் இன்னா போஸ்ட்டு ஆபீஸா?" என்றார் பிலோமினா. ஆனால் சட்டி தளதள என்று கொதிப்பதைப் பார்த்து, "இன்னும் ரெண்டு சொல்லுங்க, அடுத்த ஈடு போட்டுடறேன்" என்றார். மூன்றாவது ஆள் வழியாகப் பேசினால் சூடு ஏறுமே தவிர இறங்காது.

சனிக்கிழமை சந்தில் வரிசை நின்றது. அன்று குடல், போட்டி, ஈரல் மிளகு வறுவல். வறுவலுக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் முறைக்க வேண்டும், குழம்புக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிலோமினா கரண்டியால் மேசையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் முறை, இரண்டு தட்டு என்றால் திரும்பு. எனக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவன் காதைப் பார்த்து முறைத்தேன். ஈரல் ஒரு பக்கமாக வெந்தது. அதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மூன்று மணிக்கு அவன் டூட்டிக்கு எழுந்து போகும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஞாயிறு. மூன்று மணிக்கு அவன் போவான். நாலு மணிக்கு நான் போவேன். சங்ககிரியில் அவனுக்கு இப்போது வீடு இல்லை, விற்றுவிட்டான். இனிமேல் எங்கே பார்க்கப் போகிறேன்? கேள்வியைக் கேட்பதென்றால் அந்த மேசையில்தான் கேட்க வேண்டும். கேட்டால் சட்டி அணையும். இரவெல்லாம் லாட்ஜில் புரண்டேன்.

ஞாயிறு காலை கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்தேன். சரியான அளவு. கடைக்காரரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

பதினொன்றரைக்குப் பாருக்குப் போனேன். அன்று மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கும் ஆட்கள் இருபத்தாறு பேர் ஆட்டுத்தலைக் கறி சொல்லியிருந்தார்கள். வருடத்தில் ஒரு நாள் அவர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமாம். ஏழு மேசைகளையும் ஒன்றாக ஒட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் மேசையில் அண்டாவே வைத்திருந்தார் பிலோமினா. பன்னிரண்டு தலை.

உட்கார்ந்து நிமிர்ந்தேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அர்த்தநாரி எனக்குத் துல்லியமாகத் தெரிந்தான். தலையில் முடி இல்லை. காதில் முடி இருந்தது. காவல்காரச் சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கழுத்துத் தோல் தளர்ந்து தொங்கியது. என்னைவிட மூன்று வயது சின்னவன்.

அண்டா சுணங்கியது.

"இன்னாபா ஆச்சு?" என்று பிலோமினா ஓடிவந்தார். "நேத்து நல்லாதான இருந்தீங்க?"

"கண்ணாடி போட்டிருக்கேனுங்க" என்றேன்.

"கயட்டி வையேன்."

"கழட்ட மாட்டேனுங்க. மூணு நாள் காத்திருந்து வாங்கினது."

அவர் என் கண்ணாடியையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி, அரை மணி நேரம் கூட ஆகும் என்று கூடை ஆட்களிடம் சொல்லப் போனார். மணி ஒன்று ஆனது. இரண்டு ஆனது. தலை பாதிதான் வெந்திருந்தது. இரண்டு இருபதுக்கு நான் பிலோமினாவைக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, நான் இவங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். நேரா."

கூடை ஆட்களின் மேஸ்திரி எழுந்து வந்தார். பெரிய மீசை, கையில் காலித் தட்டு. பொறுமையான மனிதர்.

"கேள்வி பெருசா, சின்னதா பெரியவரே?"

"சின்னதுங்க."

"பதிலு?"

"அது தெரிஞ்சா எதுக்குங்க கேக்கறேன்?"

"கறி வெந்தப்புறம் கேக்கலாமே."

"மூணு மணிக்கு அவன் போயிருவான். நாலு மணிக்கு எனக்கு வண்டி."

மேஸ்திரி திரும்பி அவருடைய ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். ஒருவர் மட்டும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். பிறகு மேஸ்திரி, "பத்தொம்போது வருசம்ன்றாரு. கேட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இருபத்தாறு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பிலோமினா அண்டாவின் மூடியைத் திறந்தே வைத்தார்.

நான் அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் என்னை உட்டுட்டுப் போனியாடா?"

குமிழிகள் நின்றன. அண்டாவில் எண்ணெய் ஒரு படலமாகக் கூடியது. சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், அதுகூடக் கேட்டது.

அர்த்தநாரி தோளில் இருந்த துண்டை எடுத்தான், மடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டான்.

"மாமா" என்றான். படலம் வெள்ளையாக உறைந்தது. "நீ பொறவால படுத்துக் கெடக்கறேன்னு நெனச்சேன்."

"சத்தியமா?"

"என்ற புள்ள மேல."

கூடை ஆட்களில் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு மார்பில் எதுவோ இறங்கியது. ஏறினாலாவது எழுந்துபோய் அவனை அடித்திருப்பேன். இறங்குகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அப்பறம் ஏன்டா திரும்பி வந்தப்ப ஒரு வார்த்த சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லோணும்?" என்றான் அர்த்தநாரி. "நாப்பது கிலோமீட்டரு உங்கிட்டப் பேசிக்கிட்டே போனேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத சங்கதி. முழுசாச் சொன்னேன். நீ ஒரு வார்த்த பதில் சொல்லல. ஒரு 'ம்'கூடக் கொட்டல."

"நான் வண்டியிலயே இல்லியேடா!"

"அது எனக்கு அப்பறந்தான தெரியும்? திரும்பிப் பாக்கறதுக்குள்ள எனக்குக் கோவம் வந்திருச்சு. இத்தனை சொல்றேன், கல்லாட்டம் கெடக்கறானேன்னு. வந்த கோவம் வந்ததுதான."

"ஆளே இல்லாதப்ப என் மேல என்னடா கோவம்?"

"இல்லாமப் போனது யாரு தப்பு? நானா எறங்கிப் போகச் சொன்னேன்?"

அண்டாவின் ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. பிலோமினா கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

"சரி உடு" என்றேன். "என்ன சொன்னே? இப்பச் சொல்லு, கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்டா?"

"ரெண்டாந்தடவ சொல்ற சங்கதி இல்ல அது. ஒருதடவ சொன்னேன். கேட்டிருக்கோணும்."

"என்னைப் பத்தியா?"

அவன் துண்டை நாலாக மடித்து இடது தோளில் போட்டான். முகத்தைச் சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அண்டா பொங்கியது. மூடியைப் பிலோமினா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். நானும் அவனோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்து மறுபக்கம் திரும்பினேன். பேசி அணைந்தது, பேசியே மறுபடியும் பற்றிக்கொண்டது. அது எப்படி என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆறு நிமிடத்தில் பன்னிரண்டு தலையும் வெந்தன. கூடை ஆட்கள் எழுந்து வரிசையாக வந்து தட்டை நீட்டினார்கள். மேஸ்திரி நாக்குத் துண்டு ஒன்றை என் தட்டிலும் ஒன்றை அர்த்தநாரி தட்டிலும் வைத்தார். "நல்ல கேள்விதான் கேட்டிருக்கீங்க" என்று என்னிடம் சொன்னார்.

அப்படியொரு கறியைப் பற்றி என்னால் எழுத முடியாது. மூளையும் நாக்கும் கன்னச் சதையும் ஒவ்வொன்றும் அதனதன் பதத்தில் இருந்தன. நான் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். அவனுடைய மனைவியைப் பற்றியா? முதலாளியைப் பற்றியா? அந்த வருடம் அவன் வேலையை விடுவதாக ஒரு பேச்சு இருந்தது. அதுவா? வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் என்றால் மஞ்சள் பாரத்தோடு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் சொல்லும்படி அவனிடம் என்ன இருந்தது? பழைய கேள்விக்கு இரண்டு பதில்தான் இருக்க முடியும். இதற்கு எத்தனை பதில் என்றே தெரியவில்லை.

மூன்று மணிக்கு அர்த்தநாரி டூட்டிக்குப் போனான். நாலு மணி ரயில் நாலு மணிக்குப் போயிருக்கும். நான் பாரிலேயே இருந்தேன். டிக்கெட்டைப் பிலோமினாவிடம் கொடுத்தேன், அவர் அதில் சுண்டல் மடித்து ஒருவருக்குக் கொடுத்தார். லாட்ஜ் மேனேஜர் மாத வாடகைக்கு அறையை மாற்றித் தந்தார். ஜன்னல் உள்ள அறை. மகனுக்குப் போன் செய்து, கண்ணாடி நன்றாக இருக்கிறது, ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது, தெரிந்ததும் வருகிறேன் என்றேன். அவன் சரி என்றான்.

இப்போது தினமும் பதினொன்றரைக்குப் போகிறேன். அர்த்தநாரி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். சில நாட்கள் அவன் வாய் திறக்கப் பார்க்கும். நான் கொஞ்சம் முன்னால் சாய்வேன். உடனே மூடிக்கொள்வான். அன்றைக்குக் குழம்பு கூடுதல் ருசியாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்.

போன வாரம் சந்தில் இருக்கும் வீடுகளுக்காக ஆட்கள் வந்து எங்கள் மேசைக்கு அடியிலிருந்து சூடு போக ஒரு குழாய் இழுத்தார்கள். மேசைக் காலில் வளையம் போட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் சுவர் ஏறி, எதிர் மாடிக்குப் போகிறது. முதல் இணைப்பு அங்கே இருக்கும் வஹிதா அம்மாவுக்கு. நான் என் பையை நகர்த்திக் குழாய்க்கு இடம் கொடுத்தேன்.

இன்று மதியம் அவர் ஜன்னலில் இருந்து கூப்பிட்டார்.

"பெரியவரே! பால் பொங்குது, கொஞ்சம் கொறைங்க!"

பிலோமினா உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தார். அர்த்தநாரி அசையவில்லை. எனவே நான்தான் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை சோலாப்பூரைத் தாண்டி எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அவன் தூங்காமல் தனியாக ஓட்டினான். குளிரில் என் பாதம் விறைத்துப்போனபோது, அவனுடைய துண்டை இஞ்சின் மூடியின் மேல் போட்டுச் சூடாக்கி, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் பாதத்தில் சுற்றிவிட்டான். ஆறியதும் எடுத்து மறுபடி சூடாக்கினான். ஊர் வந்து சேரும் வரை அப்படிச் செய்துகொண்டிருந்தான். அதை நினைத்தேன்.

"போதும், போதும்!" என்றார் வஹிதா அம்மா மேலிருந்து. "அணைஞ்சிடப் போவுது!"

நான் நிறுத்திக்கொண்டேன்.